எரகான்: திட்டவும் முடியல, கொண்டாடவும் முடியல

எரகான் படிச்சு முடிச்சு ரெண்டு நாளாச்சு. புடிச்சிருக்கா இல்லையான்னு கேட்டா இன்னும் திருதிருன்னுதான் முழிக்கறேன். (கதையோட முடிச்செல்லாம் அவுத்துட்டுத்தான் எழுதறேன். இனிமேதான் படிக்கப் போறீங்கன்னா இப்பவே ஜூட் விட்டுடுங்க.)

மொதல்ல திட்டிடறேன். மாமா வீட்டுல வளர்ற கிராமத்துப் பையன். காட்டுல ஒரு நீலக்கல் கிடைக்குது, அது டிராகன் முட்டை. பேரரசோட ஆளுங்க வந்து மாமாவைக் கொன்னுடறாங்க. ஊர்ல கதை சொல்லிட்டிருந்த பெரிசு ஒண்ணு, பார்த்தா பழைய வீரர். வாள் தர்றார், வித்தை சொல்லித்தர்றார், பாதியில செத்தும் போறார். எங்கேயோ பார்த்த மாதிரி இல்ல? 1977ல வந்த ஸ்டார் வார்ஸ்தாங்க! விண்கலத்துக்குப் பதிலா டிராகன். எல்ஃப், குள்ளர்கள் எல்லாம் டோல்கீன் வீட்டுச் சொந்தக்காரங்க. உண்மைப் பேரைச் சொன்னா மந்திரம் பலிக்கும்கறது லெ குவின் 1968லயே எழுதினது.

ஆனா ஒரு இடத்துல நிமிர்ந்து உட்கார வச்சுட்டார். இங்க மந்திரம் ஓசி கிடையாது. ஒரு கல்லைக் கையால தூக்க எவ்வளவு தெம்பு வேணுமோ, மந்திரத்தால தூக்கவும் அதே தெம்பு செலவாகும். தாங்காத வேலையைத் தொட்டா உயிரே போயிடும். எரகான் மொதல் தடவை மந்திரம் போட்டுட்டு துவண்டு விழறப்போ, ஆற்றல் அழிவின்மை விதி ஞாபகத்துக்கு வந்துச்சு. என்னை மாதிரி இஞ்சினியரிங் கேசுக்கு வேற என்ன வேணும்?

அதைவிட, ஒரு கைக்குழந்தையை எரகான் ஆசீர்வாதம் பண்றான் பாருங்க. அதுல இருந்த இலக்கணப்பிழை ரெண்டாவது புத்தகத்துலதான் தெரிய வருது. கேடுகள்லேருந்து நீ காக்கப்படணும்னு சொல்ல நினைச்சவன், நீயே மத்தவங்களுக்குக் கேடயமா இருன்னு சொல்லிட்டான். வாழ்த்து சாபமாயிடுச்சு! ஒரு எழுத்துப் பிசகால ராத்திரி பூரா முழிச்சு பக் தேடினவங்களுக்கு இந்த வலி புரியும்.

இதை எழுத ஆரம்பிச்சப்போ கிறிஸ்டோபர் பவோலினிக்கு வயசு 15. மொன்டானாவுல வீட்டுலயே படிச்ச பையன். 2002ல குடும்பமே சேர்ந்து சொந்தமா அச்சுப் போட்டு, ஊர் ஊரா பள்ளிக்கூடம், நூலகம்னு அலைஞ்சு வித்தாங்க. 2003லதான் நாஃப் மாதிரி பெரிய பதிப்பகம் எடுத்துக்கிச்சு. பதினஞ்சு வயசுன்னு சலுகை குடுக்கணுமான்னு கேட்டா, வேணாம். காசு குடுத்து வாங்கறவன் வயசு பார்த்தா வாங்கறான்? பயணம் பயணம்னு இழுக்கற நடுப்பகுதியில நானே பக்கம் தள்ளியிருக்கேன்.

உறுத்தறது வேற. என் கணினியிலயும் ஒரு மாயாஜால நாவல் மூணு அத்தியாயத்தோட தூங்குது. ஒவ்வொரு தடவை திறக்கறப்பவும், 'இது அவர் மாதிரி இருக்கே, இது இவர் மாதிரி இருக்கே'ன்னு நானே அழிச்சுடுவேன். அந்தப் பையன் கூச்சமே படாம கடன் வாங்கினான், முடிச்சான். முடிச்சதால அந்த மந்திரக் கணக்குன்னு சொந்தமா ஒண்ணு கைக்கு வந்துச்சு. நான் கடனும் வாங்கல, ஒண்ணும் சம்பாதிக்கவும் இல்ல.

அதனால காப்பின்னு சொல்றதை வாபஸ் வாங்கல. ஆனா சத்தமா சொல்ல வாய் வரலைங்க. மொதல்ல நாலாவது அத்தியாயத்தை எழுதிட்டு வர்றேன் :-)