‘ஒரு பிஸ்கட்தானே!’ - பக் நாய்க்கு எடை ஏறுவது இப்படித்தான்

அப்பா ஒன்று, பாட்டி ஒன்று, ஆபீஸ் முடிந்து வரும் பிள்ளை ஒன்று. ஆளுக்கு ஒரு பிஸ்கட்தான். ஆனால், தின்பது ஒரே நாய்! 8 கிலோ பக் நாய் 10 கிலோ ஆவது, 70 கிலோ ஆள் 87.5 கிலோ ஆவதற்குச் சமம்.

“நல்லா ஓடவிட்டா இளைச்சிடும்” என்பார்கள். பக் சப்பை மூக்கு நாய். வெயிலில் ஓடினால் மூச்சுத் திணறும். காலை, மாலை மெதுநடை போதும். மாற வேண்டியது சாப்பாடுதான்.

முதலில் தைராய்டு கோளாறு இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். எவ்வளவு உணவு என்பதையும் அவரிடமே கேளுங்கள். அதைக் குத்துமதிப்பாகப் போடாமல், கிச்சன் தராசில் நிறுத்துப் போடுங்கள். தின்பண்டங்கள் தினசரி கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிஸ்கட்டுக்குப் பதில் உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ், கேரட் கொடுக்கலாம். பட்டினி போடவே கூடாது. வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைந்தாலே நல்ல முன்னேற்றம். கையால் தடவும்போது விலா எலும்புகள் லேசாகத் தட்டுப்பட்டால் எடை சரி.

48 லாப்ரடார் நாய்களை வைத்து நடந்த ஆய்வு 2002-ல் வெளியானது. 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை, மற்றவற்றைவிடச் சுமார் 2 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. பாசம் காட்ட பிஸ்கட் டப்பாவைத் திறக்கும் முன், வீட்டில் எல்லோரும் இந்த 2 ஆண்டுகளை நினைத்துக்கொள்வது நல்லது.