தீவுக்குக் குத்தகை, குடிகளுக்கு வெளியேற்றம்!

கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 1,800 கிலோமீட்டர் தொலைவில், இந்து மகாசமுத்திரத்தின் நடுவே டீகோ கார்சியா என்றொரு தீவு இருக்கிறது. சாகோஸ் தீவுக்கூட்டத்தில் அது பெரியது. இன்று அது அமெரிக்க ராணுவத் தளம்.

சிவகாசியில் மருந்து செலுத்தும் தொழிலாளியும், ராஜபாளையத்தில் நூல் நூற்கும் தொழிலாளியும், சாத்தூர்க் கரிசலில் களையெடுக்கும் கூலியாளும் "அந்தத் தீவால் எங்களுக்கென்ன?" என்று கேட்கலாம். சொல்கிறோம்.

அங்கே ஜனங்கள் வாழ்ந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் சந்ததியினர் அவர்கள். தென்னிந்தியாவிலிருந்து கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டோரின் இரத்தமும் அவர்களிடையே கலந்திருந்தது. தென்னந்தோப்பில் உழைத்து, கொப்பரை காயவைத்துப் பிழைத்தார்கள்.

மொரீஷியஸ் விடுதலை பெறுவதற்கு முன்பே, 1965-இல், பிரிட்டிஷ் சர்க்கார் சாகோஸைத் தனியே வெட்டியெடுத்தது. 1966-இல் அதை 50 ஆண்டுகளுக்கு அமெரிக்காவின் ராணுவ உபயோகத்துக்குத் திறந்துவிட்டது. கைம்மாறு என்ன? போலாரிஸ் ஏவுகணைக் கணக்கில் 1 கோடியே 40 லட்சம் டாலர் ரகசியத் தள்ளுபடி! 1968 முதல் 1973-க்குள் தீவுக்கூட்டத்து ஜனங்கள் அனைவரும் மொரீஷியஸுக்கும் செஷல்ஸுக்கும் விரட்டப்பட்டனர். அவர்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரைக் கொட்டகையில் அடைத்துப் புகையிட்டுக் கொன்றார்கள்.

மிராசுதார்கள் குத்தகைச் சீட்டை மாற்றியெழுதி, உழுதவனைத் தெருவில் தள்ளிய கதை நமக்குத் தெரியாததா? 1898-இல் ஸ்பெயினோடு நடந்த யுத்தத்தில் பிலிப்பைன்ஸ், குவாம், போர்ட்டோ ரிக்கோ ஆகியவற்றை அமெரிக்கா கொடிநாட்டிப் பறித்தது. பின்னர் கொடிக்குப் பதிலாகக் குத்தகைச் சீட்டு வந்தது. சீட்டு மாறியதே தவிர, கொள்ளை மாறவில்லை.

1991-இலும் 2003-இலும் ஈராக்கின் மீதும், 2001-இல் ஆப்கானிஸ்தானத்தின் மீதும் குண்டுபொழிந்த விமானங்கள் இந்தத் தீவிலிருந்து பறந்தன. மருந்து வெடித்தால் மனித உடம்பு என்ன ஆகும் என்று சிவகாசித் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2019-இல் சர்வதேச நீதிமன்றம், சாகோஸில் பிரிட்டனின் ஆட்சி சட்டவிரோதம் என்று கருத்துரைத்தது. அதே ஆண்டு ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் பிரிட்டன் வெளியேற வேண்டுமென்று வாக்களித்தன. இந்தியாவும் அவற்றில் ஒன்று. 2025 மே மாதம் பிரிட்டனும் மொரீஷியஸும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்ன சொல்கிறது? தீவு மொரீஷியஸுக்கு, தளத்துக்கோ 99 ஆண்டுக் குத்தகை! விரட்டப்பட்டவர்கள் டீகோ கார்சியாவில் மீண்டும் குடியேற அதில் இடமில்லை.

ஐ.நா.வில் நியாயத்தின் பக்கம் கைதூக்கிய இந்திய சர்க்கார், அதற்கு முன்பே, 2016-இல், அமெரிக்கப் போர்க்கப்பல்கள் நம் துறைமுகங்களில் எரிபொருளும் பழுதுபார்ப்பும் பெற ஒப்பந்தம் செய்துகொண்டது. 2022-இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்று சென்னைக்கு அருகே காட்டுப்பள்ளியில் பழுதுபார்க்கப்பட்டது. முதலில் எரிபொருள், பிறகு பழுதுபார்ப்பு. அடுத்தது என்ன என்று கேட்கிறோம்.

1971-இல் ஐ.நா. பொதுச்சபை இந்து மகாசமுத்திரத்தைச் சமாதான மண்டலமாக அறிவித்தது. அந்த அறிவிப்பு அமலாக வேண்டும். சாகோஸ் ஜனங்கள் தங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அந்நியப் போர்க்கப்பல்களுக்கு நம் துறைமுகங்களில் இடமளிக்கும் ஒப்பந்தம் ரத்தாக வேண்டும். மில் வாசலிலும் களத்துமேட்டிலும் இந்தக் கோரிக்கைகள் முழங்கட்டும்!