பெயர் கட்டளையாகிவிடக் கூடாது

மாணவர்களே, ஒரு வைஃபையின் பெயர் கைப்பேசியை முடக்குமா? 2021 ஜூனில் அப்படித்தான் நடந்தது. விழுக்காட்டுக் குறிகளும் பி, எஸ், என் ஆகிய ஆங்கில எழுத்துகளும் கலந்த பெயருடைய வைஃபையில் இணைந்த ஐபோன்களில் வைஃபை வசதியே நின்றுபோனது. கைப்பேசியை அணைத்து மீண்டும் இயக்கியும் பயனில்லை. அடுத்த மாதம் வெளிவந்த ஐஓஎஸ் 14.7இல் ஆப்பிள் இப்பிழையைத் திருத்தியது.

இதே வகைப் பிழை சி மொழியில் நெடுங்காலமாக உண்டு. சி கற்பவர்கள் முதல் நாளிலேயே பயன்படுத்தும் கட்டளை பிரிண்ட்எஃப். அது தன்னிடம் முதலில் தரப்படும் வாசகத்தை, எப்படி அச்சிடுவது என்று சொல்லும் குறிப்பாகப் படிக்கிறது. அதில் %டி இருந்தால் ஒரு முழு எண்ணையும், %எஸ் இருந்தால் ஓர் எழுத்துச் சரத்தையும் தேடும். அவை உண்மையில் தரப்பட்டனவா என்று அதற்குத் தெரியாது. தரப்படாவிட்டால் நினைவகத்தில் கிடப்பதை எடுத்துக்கொள்ளும். இரகசியத் தகவல்கூட வெளியாகலாம். %என் இன்னும் ஆபத்தானது. அது நினைவகத்தில் எழுதவே செய்யும்.

பள்ளிச் சபைக்கூடலில் அறிவிப்பாளர் துண்டுச் சீட்டுகளை வாசிப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு சீட்டில் 'ஒலிவாங்கியை அணை' என்று இருந்தால், அவர் அதை வாசிக்கலாம். ஒலிவாங்கியை அணைத்துவிடக் கூடாது.

தீர்வு எளிது. பயனர் தந்த பெயரை பிரிண்ட்எஃப்புக்கு முதல் வாசகமாகக் கொடுக்காதீர்கள். முதலில் நீங்களே எழுதிய %எஸ், அடுத்து பயனரின் பெயர். அவ்வளவுதான்.

"தொடக்கநிலை மாணவர்களுக்கு இது எதற்கு? விடை சரியாக வந்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். போதாது என்பதே என் கருத்து. தவறான முறையில் எழுதினாலும் 'கவிதா' என்ற பெயர் திரையில் சரியாகவே தோன்றும். பிழை மறைந்திருப்பது அதனால்தான். அறிவியல் கூடத்தில் சோதனை முடிவை மட்டுமா பார்க்கிறோம்? பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தார்களா என்றும் பார்க்கிறோமே! நிரலுக்குப் புள்ளி வழங்கும்போதும் அப்படியே செய்யவேண்டும். தொகுப்பி தரும் எச்சரிக்கையை, நிரல் ஓடுகிறதே என்று ஒதுக்குவதும் கூடாது.

நீங்கள் எழுதிய நிரல் அடுத்த முறை பெயர் கேட்கும்போது, %எஸ் என்று ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து பாருங்கள். திரையிலும் அதுவே வந்தால் சரி. வேறு ஏதாவது வந்தாலோ நிரல் நின்றுபோனாலோ, திருத்தவேண்டிய வரி எது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.