அபராதத்துக்கு முன்னே பரிசோதனை

சீட் பெல்ட் அணியாமல் காரில் செல்வோருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்று, 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு விதித்திருப்பதை நாம் மனமார ஆதரிக்கிறோம். பிரஜைகளின் பிராணனைக் காப்பதற்காகச் சர்க்கார் சற்றுக் கண்டிப்பு காட்டுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அணிய விரும்பி இழுத்தால் வராமலும், வந்தபின் திரும்பிச் சுருளாமலும், தொளதொளவென்று மடியில் கிடந்து கதவிடுக்கில் நசுங்கியும் பாழாய்ப்போன பெல்ட்டுகளோடு எத்தனையோ வண்டிகள் நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்க, அந்தச் சாதனம் உள்ளபடியே வேலை செய்கிறதா என்று பார்க்கும் கடமையை மட்டும் ஒருவரும் ஏற்காதிருப்பது நியாயமன்று என்பதே நம் அபிப்பிராயம்.

பெல்ட்டின் உயிர்நிலை, கதவை அடுத்த தூணுக்குள் மறைந்திருக்கும் சுருட்டுப் பெட்டியில் இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை ரிட்ராக்டர் என்பார்கள். அதனுள்ளே சுருள்வில் ஒன்று பட்டையை எந்நேரமும் உள்நோக்கி இழுத்துக்கொண்டிருக்க, சிறியதொரு எஃகுக் குண்டோ ஊசலோ வண்டியின் வேகம் திடீரென்று குறைவதை உணர்ந்து, பற்சக்கரத்தில் கொக்கியை மாட்டி, பட்டை மேலும் அவிழாதபடி பூட்டிவிடுகிறது. சுருள்வில் தளர்ந்தாலும், பட்டை முறுக்கிக்கொண்டாலும், தோளருகே அது நுழைந்துவரும் வளையத்தில் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் கரிசல் புழுதியும் சேர்ந்து படிந்தாலும், பட்டை உடம்போடு ஒட்டாமல் தொங்கும். தொங்கும் அளவுக்கு உடம்பு முன்னே பாய்ந்த பிறகே பெல்ட் அதைப் பிடிக்கும். அதற்குள் மார்பு ஸ்டியரிங்கில் மோதியிருக்கக்கூடும்.

புதிய கார்கள் பலவற்றில் இதற்கும் மேலான ஓர் ஏற்பாடு உண்டு. மோதிய மாத்திரத்தில் சிறிதளவு வெடிமருந்து தீப்பற்றி, அதனால் பிறக்கும் வாயுவின் வேகத்தில் பட்டை பின்னுக்கிழுக்கப்பட்டு உடம்போடு இறுகிவிடும். பட்டாசுத் தொழிலால் மருந்தின் குணத்தைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த நம் ஏழாயிரம்பண்ணை வட்டாரத்து மக்களுக்கு, ஒருமுறை வெடித்தது மறுமுறை வெடிக்காது என்பதையும், மருந்துள்ள பெட்டியைச் சுத்தியலும் ஸ்குரூடிரைவரும் கொண்டு பிரிக்கலாகாது என்பதையும் நாம் சொல்ல வேண்டியதில்லை. விபத்தில் சிக்கிய காரைத் தட்டி நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, இந்தப் பகுதியை மாற்றாமலே விற்றுவிடுகிறவர், வாங்குகிறவருடைய உயிரோடு விளையாடுகிறார்.

ஏழாயிரம்பண்ணையிலிருந்து சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் சவாரி போகிற வாடகை வண்டிகளையும், ஆடி மாதத்தில் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு இருக்கன்குடிக்குப் போகிற கார்களையும் சற்று நின்று பார்த்தால் நிலைமை புலனாகும். பின்னிருக்கையின் பெல்ட் முனைகள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. ஓட்டுநரின் பெல்ட்டிலோ தோளருகே துணி காயப்போடும் கிளிப்பு ஒன்று மாட்டியிருக்கிறது. காரணம் கேட்டால், “உள்ள போயிட்டா ஜாம் ஆயிருதுண்ணே, திரும்ப இழுத்தா வராது; செக்கிங்ல ஆயிரம் ரூவா யாரு கட்டுறது?” என்கிற மாதிரிதான் பதில் வரும். பெல்ட் போட்டதாகக் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், அது பிடிக்குமா என்பது பற்றிக் கேள்வியில்லை என்னும் மனோபாவத்தை அபராதம் ஒன்றையே நம்பிய அமலாக்கம் வளர்த்துவிட்டது. எச்சரிக்கை ஒலியை அடக்குவதற்கென்றே விற்கப்பட்ட போலிக் கிளிப்புகளை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதத்தில் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவிட்டு நீக்கச் செய்தபோது, நீக்கப்பட்ட விளம்பரங்கள் 13,118 என்று கணக்கிடப்பட்டது.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் பெல்ட் அணியாமல் மாண்டவர்கள் 16,715 பேர் என்றும், அவர்களில் 8,331 பேர் ஓட்டுநரல்லாத பிரயாணிகள் என்றும் மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அணிய மனமில்லாதவர் இத்தனை பேர், அணிய முடியாத நிலையில் பெல்ட் இருந்தவர் இத்தனை பேர் என்று அந்தக் கணக்கு பிரித்துக் காட்டவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின்னிருக்கையில் பெல்ட் அணியாதிருந்து உயிரிழந்ததும், பின்னிருக்கைக்கும் பெல்ட் கட்டாயம் என்பது தேசமெங்கும் நினைவூட்டப்பட்டது. அந்தப் பின்னிருக்கை பெல்ட்டுதான் யாரும் இழுத்துப் பார்க்காமல், ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடப்பது.

சட்டத்தின் ஓட்டை எங்கே என்று பார்ப்போம். வாடகை வாகனத்துக்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுப் பரிசோதனை உண்டு. சொந்தக் காருக்கோ பதிவு செய்த நாள் முதல் 15 ஆண்டுகள் வரை அத்தகைய பரிசோதனையே இல்லை. புகைக்குக் குறித்த காலந்தோறும் சான்று கேட்கிற சர்க்கார், பிராணனைக் காக்கும் பட்டைக்கு அந்தப் பதினைந்து ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சான்று கேட்பதில்லை.

பட்டாசு ஆலைகள் விஷயத்தில் சட்டம் நடந்துகொள்ளும் முறை வேறு. தொழிலாளி ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமென்று சொன்னதோடு அது நின்றுவிடாமல், அறைக்கு எத்தனை பேர், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு தூரம், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் உரிமம் பெற்றவரைப் பொறுப்பாளியாக்கி, நேரில் வந்து பார்க்கும் அதிகாரத்தையும் ஏற்படுத்தியிருக்கிறது. அந்தக் கண்காணிப்பின் அவசியத்தை, 2021 பிப்ரவரி 12 அன்று பக்கத்து அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெடிவிபத்துக்குப் பின் இங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆலைக்குள்ளே ஒப்புக்கொள்ளப்பட்ட அந்தத் தர்மம், அதே தொழிலாளரை ஏற்றிவரும் வேனுக்கும் பொருந்த வேண்டுமல்லவா?

பெல்ட் நன்றாயிருந்தாலும் நம் ஜனங்கள் போடப்போவதில்லை, பிறகு பரிசோதனை எதற்கு என்று சிலர் கேட்கலாம். இழுத்தால் இலகுவாக வந்து, விட்டால் தானே சுருண்டு, உடம்பை உறுத்தாமல் படியும் பெல்ட்டைப் போடுவது எளிது; மல்லுக்கட்ட வேண்டிய பெல்ட்டை நல்லவரும் நாளடைவில் கைவிட்டுவிடுவார். பழக்கம் வேரூன்றுவதற்குச் சாதனம் செவ்வையாக இருப்பது முதல் நிபந்தனை.

உற்பத்தியாளர்களுக்கும் இதில் பங்குண்டு. பெல்ட்டின் தோள் உயரத்தைச் சரிசெய்யும் பகுதியில் குறை இருக்கக்கூடுமென்று 2022 டிசம்பரில் 9,125 கார்களையும், பின்னிருக்கை பெல்ட்டின் பிணைப்புப் பகுதிக்காக 2023 ஜனவரியில் 11,177 கார்களையும் மாருதி சுசுகி திரும்ப அழைத்தது. புதுக் காரிலும் குறை நேரலாம் என்பதற்கு இவை சான்று. அமெரிக்காவில் 1995-இல் டக்காட்டா நிறுவனத்தின் பெல்ட் பூட்டுகளுக்காக 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டதற்கு, உரிமையாளர்களின் புகார்களே வித்திட்டன. நம் நாட்டுச் சட்டத்தின் 110-ஏ பிரிவும் உரிமையாளர்களின் புகாரை வாகனங்களைத் திரும்ப அழைப்பதற்குரிய ஆதாரமாக ஏற்கிறது. முடங்கிய பெல்ட்டுக்குக் கிளிப்பு மாட்டிச் சமாளிப்பவர் தம் புகாரையும் சேர்த்தே முடக்கிவிடுகிறார். அந்தக் குறை அடுத்தவர் காரிலும் இருந்தால் அதை அறிவார் எவருமில்லை.

ஆகவே நாம் கேட்பவை இவை. எப்.சி.க்கு வரும் வண்டியில், முன்னும் பின்னுமாக உள்ள ஒவ்வொரு பெல்ட்டையும் மோட்டார் வாகன ஆய்வாளர் முழுதும் இழுத்து, விட்டு, வெடுக்கென்று சுண்டிப் பார்த்து, தானே சுருளாததும் சட்டென்று பூட்டாததும் மாற்றப்படும் வரை சான்று தர மறுக்க வேண்டும். சொந்தக் கார்களுக்குப் புகைச் சான்றோடு பெல்ட் பரிசோதனையும் சேர்க்கப்பட வேண்டும். வழிச் சோதனையில் பழுதான பெல்ட்டைக் காணும் அதிகாரி, குறித்த நாளுக்குள் சரிசெய்து காட்டும்படி எழுதிக்கொடுத்து, தவறினால் தண்டிக்கட்டும். தீபாவளி உற்பத்தி மும்முரமாகி வேன்களின் நடமாட்டம் பெருகுவதற்கு முன்னரே, விருதுநகர் மாவட்ட நிர்வாகமும் போக்குவரத்துத் துறையும் ஆலைத் தொழிலாளரை ஏற்றிச்செல்லும் வண்டிகளிலிருந்து இந்தப் பரிசோதனையைத் தொடங்க வேண்டும். தொழிலாளர் வண்டிகளைப் பொறுத்தவரை, புதிய சட்டத்துக்காகக் காத்திராமல், இருக்கும் அதிகாரத்தைக் கொண்டே இந்த ஆண்டிலேயே செய்யக்கூடிய காரியம் இது.