பீடியே தொடாதவருக்கும் நுரையீரல் புற்றுநோய்: மரபணு 'சுவிட்ச்' செய்யும் வேலை

காரிமங்கலம் சந்தையில் பேச்சுக் கொடுத்தால், "எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் பீடி குடிச்சாரு, ஒண்ணும் ஆகலையே" என்று ஒருவராவது சொல்வார். பீடியையே தொடாத பெண்ணுக்கு நுரையீரல் புற்றுநோய் வருவதும் உண்டு. எப்படி?

பதிலில் ஒரு பங்கு டிஎன்ஏவில் இருக்கிறது. அதன் 300 கோடி எழுத்துகளில் புரதத்துக்கான குறிப்பு சுமார் 2 சதவீதம்தான். மிச்சத்தில் பல இடங்கள் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி. அங்கே ஓர் எழுத்து மாறினால் மரபணு கெடாது. அதன் வேகம் கூடும் அல்லது குறையும்.

2008ல் வெளியான மூன்று ஆய்வுகள், 15ஆவது குரோமோசோமில் நிகோட்டின் ஏற்பிகளுக்கான மரபணுக்கள் உள்ள பகுதியை இந்த நோயுடன் இணைத்தன. அங்குள்ள சில வேறுபாடுகள் ஒரு மரபணுவின் வேகத்தையே மாற்றுபவை. புகைக்காத ஆசியப் பெண்களிடம் 5ஆவது குரோமோசோமின் 'டெர்ட்' மரபணுப் பகுதி சிக்கியது.

ஆனால் அந்த 'ஆசியா' பெரும்பாலும் சீனா, ஜப்பான், கொரியாதான். நம்மிடம் 'ஜீனோம் இந்தியா'வின் 10,000 பேர் தரவு இருக்கிறது, அவர்கள் ஆரோக்கியமானவர்கள். ஐஐடி மெட்ராஸ் 2025ல் வெளியிட்ட புற்றுநோய் தரவுத்தளம் மார்பகப் புற்றுநோயில் தொடங்கியிருக்கிறது. நுரையீரலுக்கும் அது வேண்டும், சுவிட்ச் பகுதிகளையும் சேர்த்து.

இதைச் சாக்காக வைத்து பீடியைப் பற்றவைக்க வேண்டாம். ஒவ்வொரு வேறுபாடும் கூட்டும் ஆபத்து சின்னது. புகையிலை கூட்டுவது பல மடங்கு. அதே நேரம், விறகடுப்பில் சமைக்கும் அக்காவுக்கு வாரக்கணக்கில் இருமல் நிற்கவில்லை என்றால், காசநோய்ப் பரிசோதனையோடு விடாமல் மார்பு ஸ்கேனும் வேண்டுமா என டாக்டரிடம் கேளுங்கள்.