காலண்டர் மாடு

நகரத்து மனிதனுக்கு ஐம்பது வயது நெருங்கினால் ஒரு மாடு கனவில் வர ஆரம்பிக்கிறது. எங்கள் வங்கியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. செங்கல்பட்டுப் பக்கம் ரெண்டு ஏக்கர், நாலு நாட்டு மாடு, பத்துக் கோழி, கிணத்தடியில் ஒரு கயித்துக் கட்டில். அந்தப் படத்தில் வேப்பமரம்கூட இருக்கிறது. சாணி வாருகிற ஆள் மட்டும் இல்லை. சாணி தானாக எழுந்து எருக்குழிக்கு நடந்து போகும் போலிருக்கிறது.

நம் ஜனங்களுக்குக் கிராமம் என்றால் என்ன என்பதை விதி போட்டே சொல்லியிருக்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். முழங்காலுக்குக் கீழே துணி கூடாது, தங்கம் வெள்ளி கூடாது, குடை கூடாது, செருப்புக் கூடாது. 1931 ஜூனில் அது பதினொன்றாக வளர்ந்தது. ஜே.எச். ஹட்டன் பதிவு செய்து வைத்திருக்கிறார். சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்குக் குறைந்த விலைக்கு விற்றுவிட வேண்டும். காலை ஏழு முதல் மாலை ஆறு வரை வேலை, ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு ரெண்டணா. பிள்ளைகள் எழுத்துப் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும்.

மாடு மேய்க்கும் பையன், கையில் ஒரு புல்லாங்குழல். அவர்கள் வீட்டுச் சுவரில் அது காலண்டர். நமக்கு அது பதினொன்றில் ஒரு தடை.

இதற்காக நமக்கு மாடு பிடிக்காது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்க ஆயா வாரத்துக்கு மாடு வளர்த்தவள். கன்னுக்குட்டி பண்ணையாருடையது. புல்லறுக்கிறது, தண்ணி காட்டுறது, கழிச்சல் கண்டா ராத்திரி பூரா முழிச்சுக் கெடக்கிறது எல்லாம் ஆயா. அது வளர்ந்து ஈன்றதும் விலை போட்டுப் பாதி கொடுப்பார்கள். விலை போடுகிறவரும் பண்ணையார்தான். ஓட்டிக்கொண்டு போகும்போது, "அது எங்கையத்தான்டா நக்கும்" என்று ஆயா ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடப்பாள். மாட்டின் மேல் பாசம் என்பதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. உயிரோடு இருக்கும்வரை லட்சுமி என்று அவர்கள் தொழுவத்தில் நின்றது, செத்த அன்றைக்குத்தான் முழுசாகச் சேரிக்குச் சொந்தமானது.

அந்தச் சொந்தம் வேண்டாம் என்று 1927இல் மகாத்தில் சொன்னார் அம்பேத்கர். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த நாலு பேரைக் கட்டி வைத்து அடித்தார்கள். இனிமேல் செத்த மாட்டைத் தொடமாட்டோம் என்று ஜனங்கள் உறுதிமொழி எடுத்தார்கள். கூடவே ஒன்று கேட்டார்கள்: குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் நிலம். கவனியுங்கள், அவர்களும் பண்ணை வேண்டும் என்றுதான் கேட்டார்கள். அவர்கள் கேட்டது பட்டா.

கிராமத்தைக் குறுகிய புத்தியும் அறியாமையும் தேங்கிய குட்டை என்கிற மாதிரி 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசினார். அன்றைக்குக் கோபப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு வாரக்கடைசிப் பண்ணை வாங்குகிறார்கள். வாங்குகிற இடம் செங்கல்பட்டு என்பதுதான் வேடிக்கை. அங்கே கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் கொடுத்த அறிக்கையை ஒட்டித்தான் 1892இல் பஞ்சமி நிலம் என்பதே வந்தது. நம் மக்களைத் தவிர வேறு யாருக்கும் கைமாறக் கூடாத நிலம். மாறியது. திருப்பிக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபரில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள்.

கவுண்டரில் உட்கார்ந்து பயிர்க்கடனுக்குச் சிட்டா, அடங்கல் கேட்பது என் பிழைப்பு. நாற்பது வருஷம் நாத்து நட்ட அம்மாவிடம் அது இருப்பதில்லை. அரை பவுன் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறார். வாரக்கடைசி விவசாயியிடம் எல்லாக் காகிதமும் சுத்தமாக இருக்கிறது. அவர் மாடு வாங்கட்டும், கட்டில் போடட்டும், நமக்கென்ன. பத்திரம் போடுவதற்கு முன்னால் தாலுகா ஆபீசில் 'அ' பதிவேட்டைப் புரட்டி, அந்த சர்வே நம்பர் முதலில் யாருக்கு ஒப்படைக்கப்பட்டது என்று ஒருதரம் பார்த்துவிட்டுப் போகட்டும். மாணவத் தோழர்களும் லீவு நாளில் அவரவர் ஊர்ப் பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வரலாம்.