பரிசளிப்பு விழா போதும், ஃபெயிலான பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் பிளக்ஸ் முளைத்துவிடும். 490 எடுத்த பிள்ளையின் படம் சின்னதாக, சால்வை போர்த்தும் பிரமுகரின் படம் பெரிதாக. சங்கம், மன்றம், நற்பணி இயக்கம் என்று ஆளுக்கொரு விழா. முதல் மூன்று இடம் பிடித்த அதே மூன்று பிள்ளைகள் நான்கு மேடை ஏறி நான்கு கேடயம் வாங்குகிறார்கள். வாங்கட்டும், உழைத்த பிள்ளைகள்.

என் கேள்வி வேறு. அதே ரிசல்ட்டில் கணக்கில் 28 வாங்கி ஃபெயிலான பையனின் வாசற்படியை உங்களில் யார் மிதித்தீர்கள்?

திண்டுக்கல் மாவட்டத்தில் பஞ்சாலைகள் சூழ்ந்த பகுதியில் 34 வருஷம் இடைநிலை ஆசிரியராக இருந்தவன் நான். ஒரே நாளில் எந்தப் பிள்ளையும் படிப்பை விடுவதில்லை. அப்பா குடித்துவிட்டுப் படுத்திருப்பார். அம்மா குழுக்கடன் தவணைக்கு ஓடிக்கொண்டிருப்பார். பிள்ளை முதலில் திங்கட்கிழமை வராது. அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் வராது. ஃபெயில் என்பது கடைசியில் விழும் முத்திரைதான்.

நாம் போகவில்லை என்றால் அந்த வீட்டுக்கு யாருமே போவதில்லை என்று நினைக்காதீர்கள். மில்லுக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் முன்பணத்தோடு போகிறார். பெண் பிள்ளை என்றால் கல்யாணத் தரகர் போகிறார். பையன் என்றால் சாதிக் கொடி கட்டிய பைக்கில் நாலு பேர் வருகிறார்கள், கஞ்சா விற்பவன் வருகிறான். இவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தோளில் கை போடுகிறார்கள். நாமோ மண்டபத்தில் மைக் பிடித்து, இளைய தலைமுறை கெட்டுப்போச்சு என்கிறோம்.

"அதான் கவர்மெண்ட் எல்லாம் கொடுக்குதே சார்" என்பீர்கள். கொடுக்கிறது. பெற்றோர் இருவரையும் இழந்த, அல்லது ஒருவரை இழந்து இன்னொருவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக் கரங்கள் திட்டம் 2025-இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்து கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ என்று எதில் சேர்ந்தாலும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். ஆனால் இறப்புச் சான்று, வருமானச் சான்று, ஆதார், பாஸ்புக் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். சித்தாள் வேலைக்குப் போகும் அம்மா தாலுகா ஆபீசுக்கு இரண்டு நாள் அலைந்தால் இரண்டு நாள் கூலி போச்சு. அங்கேதான் ஊர் வேண்டும். படிவம் நிரப்பத் தெரிந்த ஓர் ஆள், கூட்டிப்போக ஒரு பைக். இதற்கு எந்த வசூலும் தேவையில்லை.

"என்ன செஞ்சாலும் இவனுங்க திருந்த மாட்டானுங்க" என்பது அடுத்த பேச்சு. திருந்துவதற்கு அவன் என்ன குற்றவாளியா? 28-க்கும் 35-க்கும் நடுவே இருப்பது ஏழு மதிப்பெண். மே மாதம் ரிசல்ட், ஜூலையில் துணைத்தேர்வு. நடுவில் ஆறேழு வாரம் இருக்கிறது. அதற்குள் பாஸ் ஆக்கினால் அதே வருஷம் பதினொன்றாம் வகுப்போ ஐடிஐயோ சேரலாம். அந்த வாரங்களைத் தவற விட்டால், சம்பளக் காசைப் பார்த்த பையனைத் திரும்பப் பெஞ்சில் உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு பிளக்ஸ் செலவில் எத்தனை பிள்ளைகளுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டலாம், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

1956-இல் காமராஜர் மதிய உணவு தொடங்கியபோது ஊர் மக்களும் அரிசி, பருப்பு கொடுத்தார்கள். நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சும் கரும்பலகையும் வாங்கித் தந்தார்கள். அந்தச் சோறு ரேங்க் பார்த்தா போடப்பட்டது? பசித்த பிள்ளைக்குப் போடப்பட்டது.

விழாக் கமிட்டிகளுக்கு என் கோரிக்கை இதுதான். வரும் மே மாதம் பிளக்ஸ் அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் தலைமையாசிரியரைப் பாருங்கள். ஃபெயிலான பிள்ளைகளின் வீட்டுக்கு அவரோடும் பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோரோடும் சேர்ந்து போங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. கையெழுத்து வாங்க மட்டும் அவர்களைக் கூப்பிடாதீர்கள். போகும் இடத்தில் போட்டோ எடுக்காதீர்கள். பிள்ளைகள் பெயரை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு என்று தெரிந்தால் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார நான் தயார். கணக்குப் பட்டதாரி ஆசிரியர்கள் இரண்டு பேர் கூட வரவேண்டும். மண்டபம் வைத்திருப்பவர்கள் விழா இல்லாத நாளில் ஒரு ஹாலைத் திறந்துவிட வேண்டும். யார் யார் வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். வெறும் "அருமை ஐயா" வேண்டாம்.